என்வி-மெட் செங்குத்துக் கட்டம்: 54 மீ கட்டிடம் நடுவில் நிற்கும்போது டெலஸ்கோப்பிங்கை எங்கே தொடங்குவது?

#1 அண்ணாசாலை_நிழல்

எல்லாருக்கும் வணக்கம். அண்ணா சாலையில எல்ஐசி கட்டிடத்தைச் சுற்றி 300 × 240 மீ பரப்பை என்வி-மெட்ல (தெரு அளவுல வெப்பம், காற்றைக் கணக்கிடுற மென்பொருள்) மாடல் பண்றேன். ஏப்ரல் கடைசி வாரம், காலை 6 மணியிலிருந்து 24 மணி நேர ஓட்டம். நடைபாதை உயரத்துல காற்று வெப்பநிலையும் பிஇடி-யும் (உடம்புக்கு உறைக்கிற வெப்பத்தைச் சொல்ற குறியீடு) வேணும். மரம் வச்சா எவ்வளவு, வைக்காட்டி எவ்வளவுன்னு ஒப்பிடணும்.

எல்ஐசி 54 மீ. மத்தது பெரும்பாலும் 9 முதல் 15 மீ, ஒண்ணு ரெண்டு 20 மீ கிட்ட. கிடைமட்டத்துல 3 மீ செல் (கட்டத்தோட ஒரு பெட்டி), ஆக 100 × 80. செங்குத்துல செல் உயரம் 2 மீ, 10 மீ-க்கு மேல டெலஸ்கோப்பிங் 20% (ஒவ்வொரு செல்லும் கீழ இருக்கிறதைவிட அத்தனை சதவீதம் உயரமாகும்), மொத்தம் 18 செல். உச்சி 126 மீ வருது. கீழ்ச் செல்லைப் பிரிக்கிற ஆப்ஷனை டிக் பண்ணலை.

ஸ்பேசஸ் (என்வி-மெட்ல களத்தை வரையுற பகுதி) 3டி வியூல பார்த்தா உயரங்கள் ட்ராயிங்கோட ஒத்துப்போகலை. எல்ஐசி 50 மீட்டருக்கும் கீழ இறங்கிடுச்சு, 20 மீ கட்டிடம் 19 கூட இல்லை. 18 செல்லுல 126 மீ தொட்டது லாபம்னு நினைச்சேன். எங்க தப்பு?

#2 செல்முனை

லாபக் கணக்குதான் தப்பு. செல் விளிம்புகள் எங்கே விழுகின்றன என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். 10 மீ வரை 2 மீ இடைவெளி. அதற்கு மேல் 12.4, 15.3, 18.7, 22.9, 27.9, 33.8, 41.0, 49.6, 59.9, 72.3, 87.2, 105.0, 126.4.

எல்ஐசியின் மொட்டைமாடி 54-ல் இருக்கிறது. 49.6-க்கும் 59.9-க்கும் நடுவே 10.3 மீ உயரமுள்ள ஒரே செல்லுக்குள் அது மாட்டிக்கொண்டது. என்வி-மெட்டில் ஒரு செல் முழுக்கக் கட்டிடம், இல்லையென்றால் முழுக்கக் காற்று. பாதிச் செல் கட்டிடம் என்று ஒன்று கிடையாது. கூரை அந்தச் செல்லின் பாதியை எட்டாததால் 54 மீ கட்டிடம் 49.6 ஆனது. 20 மீ கட்டிடம் 18.7 ஆனதும் இப்படித்தான்.

4.4 மீ குறைந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. ஏப்ரல் கடைசியில் சென்னையில் மாலை நாலேகால் வாக்கில் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது 54 மீ கட்டிடத்தின் நிழல் 93.5 மீ, 49.6 மீ கட்டிடத்தின் நிழல் 86 மீ. ஏழரை மீட்டர் நடைபாதை வெயிலுக்கு வந்துவிடுகிறது. மர நிழலின் பலனை அளக்கப் போகிறீர்கள், கட்டிட நிழலிலேயே மரத்தின் குடை அகலத்துக்குப் பிழை. பிஇடி-யில் நேரடி வெயிலின் பங்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே டெலஸ்கோப்பிங், மிக உயரமான கூரைக்கு மேலேதான் தொடங்க வேண்டும். கூரை மட்டத்திலேயே தொடங்காமல் இரண்டு செல் விட்டுத் தொடங்குங்கள். கூரை விளிம்பில் காற்று பிரிந்து சுழலும் இடத்தில் செல்கள் ஒரே உயரமாக இருப்பது நல்லது. 20% என்பது தாண்டக் கூடாத வரம்பு, இலக்கு இல்லை. 8 முதல் 15% வரை போதும்.

செல் உயரம் 3 மீ, 60 மீ வரை சீராக (20 செல்), அதற்கு மேல் 10%. அடுத்த 10 செல்லில் உச்சி 112.6 மீ-க்குப் போய்விடும். மொத்தம் 30 செல். மேலே இருக்கும் கடைசிச் செல் 7.8 மீ உயரம். உங்கள் 18 செல்லைவிட 12 கூடுதல், ஆனால் 54 ÷ 3 = 18. கூரை மிகச் சரியாக விளிம்பில் உட்காரும்.

#3 அண்ணாசாலை_நிழல்

புரியுது. ரெண்டு சந்தேகம். 3 மீ-ன்னா கீழே ரொம்பத் தடிப்பா இருக்காதா? நடைபாதை உயரமே 1.5 மீ தானே, அதனாலதான் 2 போட்டேன். அப்புறம், டெலஸ்கோப்பிங்கே இல்லாம 3 மீ-ல நேரா 108 வரை போனா 36 செல். ஆறு செல் வித்தியாசத்துக்கு இந்தத் தலைவலி எதுக்கு?

#4 செல்முனை

இரண்டாவதை முதலில் முடிக்கிறேன். உங்கள் மாடலுக்கு 36 சீரான செல் தாராளமாக ஓடும். கணினி தாங்கினால் அப்படியே போங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். கட்டிடங்கள் எல்லாம் 12 மீ, உச்சி 40 மீ போதும் என்ற இடங்களில் டெலஸ்கோப்பிங்கைத் தொடவே வேண்டாம். உயரமான ஒற்றைக் கட்டிடம் வரும்போதும், செல் உயரத்தை 1 மீ ஆக்கும்போதும்தான் அதற்கு வேலை.

இப்போது முதல் கேள்வி. என்வி-மெட் மதிப்புகளைத் தருவது செல்லின் நடு உயரத்துக்கு. பிரிக்காத 2 மீ கட்டத்தில் நடு உயரங்கள் 1.0, 3.0, 5.0. அதாவது 1.5 மீ என்ற உயரமே உங்கள் மாடலில் இல்லை. 2 மீ என்று மெல்லியதாகப் போட்டும் பலன் வரவில்லை.

கீழ்ச் செல்லைப் பிரிக்கும் ஆப்ஷனை டிக் செய்தால் அந்த ஒரு செல் ஐந்தாக உடையும், ஒவ்வொன்றும் செல் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 3 மீ என்றால் தலா 0.6 மீ. நடு உயரங்கள் 0.3, 0.9, 1.5, 2.1, 2.7, பிறகு 4.5, 7.5. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் லியோனார்டோவில் (முடிவுகளைப் படமாக்கும் பகுதி) அடுக்கு எண் கே=2 போட்டால் 1.5 மீ கச்சிதமாகக் கிடைக்கும்.

2 மீ-ஐப் பிரித்தால் 0.2, 0.6, 1.0, 1.4, 1.8, பிறகு 3.0. ஆய்வுக் கட்டுரைகளில் கே=3, 1.4 மீ என்று அடிக்கடி பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கட்டம்தான். 1 மீ-ஐப் பிரித்தால் 0.1, 0.3, 0.5, 0.7, 0.9, அடுத்து 1.5. அங்கே கே=5.

1.5 மீ கிடைக்கிறது என்பது மட்டும் பிரிப்பதற்குக் காரணமில்லை. தரையிலிருந்து காற்றுக்கு வெப்பம் போவதை, தரை வெப்பநிலைக்கும் முதல் செல்லின் நடு வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்துதான் மாடல் கணக்கிடுகிறது. நண்பகலில் தார்ச்சாலை கொதிக்கும்போது கீழ் ஒரு மீட்டருக்குள்தான் வெப்பநிலை சரசரவென்று இறங்கும். முதல் நடு உயரம் 0.3 மீ-ல் இருப்பதும் 1.5 மீ-ல் இருப்பதும் ஒன்றல்ல. பிரிக்காத 3 மீ செல் அந்த இறக்கம் முழுவதையும் ஒரே சராசரியாக விழுங்கிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 0.6 மீ செல்லுக்கு மேல் சட்டென்று 3 மீ செல் வருகிறது, ஐந்து மடங்குத் தாவல். செங்குத்துக் காற்றுவேக வரைபடம் வரைந்தால் அந்த இடத்தில் ஒரு முறிவு தெரியும். 2.7-க்கும் 4.5-க்கும் நடுவே காற்று எப்படி மாறுகிறது என்று இந்த மாடலைக் கேட்காதீர்கள்.

#5 மொட்டைமாடி

உயரம் உள்ளிடும்போதே பாதிப் பிழை நடந்துவிடும். அதைப் பற்றிக் கொஞ்சம்.

மாடிக்கு 3 மீ என்று பெருக்கிப் போடுகிறார்கள். கடைசியில் 1 மீ கைப்பிடிச் சுவர் உண்டு. தரை + 2 என்றால் 9 + 1 = 10 மீ. 3 மீ கட்டத்தில் அது 9 ஆகும். 10.5-ஆ 11-ஆ என்று இருந்தால் 12-க்குத் தாவும். 10.4-க்கும் 10.6-க்கும் நடுவே 20 செ.மீ. அளவுப் பிழை, மாடலில் 3 மீ வேறுபாடாக மாறுகிறது. எனவே ஸ்பேசஸில் உள்ளிடும் முன் எக்செலில் ஒவ்வொரு கட்டிடத்தையும் செல் உயரத்தின் மடங்குக்கு நீங்களே திருத்திவிடுங்கள். எதை ஏற்றினோம், எதை இறக்கினோம் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். மென்பொருள் செய்வதையேதான் நீங்களும் செய்கிறீர்கள், ஆனால் உங்களுக்குத் தெரிந்து செய்கிறீர்கள்.

சாலையின் ஒரு பக்கம் எல்லாம் 10.4, மறுபக்கம் எல்லாம் 10.6 என்று இருந்தால் தெருவே சாய்ந்துவிடும். அப்போது இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இறக்குங்கள்.

அப்புறம் ஸ்டில்ட். சென்னையில் அடுக்குமாடி என்றால் கீழே கார் நிறுத்தத் திறந்த தளம் இருக்கும். ஸ்பேசஸின் கான்செப்சுவல் டிசைன் மோடில் கட்டிடத்துக்கு மேல் உயரம், கீழ் உயரம் இரண்டும் கொடுக்கலாம். கீழ் உயரம் 3 போட்டால் அடியில் ஒரு செல் திறந்திருக்கும், காற்று போகும், நிழலும் கிடைக்கும். 4 மீ செல் வைத்தால் இது தொலைந்தது. 2.5 மீ திறப்பு 4 மீ ஆகும், இல்லையேல் தரையோடு மூடிக்கொள்ளும். தூண்களை மறந்துவிடுங்கள், 3 மீ கட்டத்தில் அவை வராது.

#6 காற்றுவாக்கில்

சிஎஃப்டி (கணினியில் காற்றோட்டக் கணக்கு) பக்கத்திலிருந்து ஒரு எதிர்ப்பு. 54 மீ கட்டிடத்துக்கு 112 மீ உச்சியா? ஜப்பானியக் கட்டிடக்கலைக் கழகத்தின் 2008 வழிகாட்டி, தனிக் கட்டிடத்துக்குக் கூரைக்கு மேலேயே ஐந்து மடங்கு விடச் சொல்கிறது. அதன்படி 324 மீ. ஐரோப்பாவின் காஸ்ட் 732 வழிகாட்டியும் கிட்டத்தட்ட அதேதான்.

அடைப்பு விகிதம் பாருங்கள். களத்தின் குறுக்குவெட்டு 240 × 112 = 26,880 ச.மீ. கட்டிட முகப்பு 25 மீ என்று வைத்துக்கொண்டால் 25 × 54 = 1,350. 5%. வரம்பு 3%. இது அந்த ஒரு கட்டிடத்துக்கு மட்டும், தெருவில் மிச்சமிருப்பதை நான் சேர்க்கவே இல்லை. கூரைக்கும் மூடிக்கும் நடுவே காற்று பிதுங்கி, மேலே வேகம் பொய்யாகக் கூடும்.

ஐந்து மடங்குத் தாவலைப் பற்றி நான் பேசவே போவதில்லை. எங்கள் ஊரில் அடுத்தடுத்த செல்களின் விகிதம் 1.3-க்கு மேல் போனாலே அடிப்பார்கள்.

#7 செல்முனை

அடி வாங்கத் தயார். ஆனால் இரண்டு மாடலின் மேல் எல்லையும் ஒன்றல்ல. என்வி-மெட்டில் 3டி பகுதிக்கு மேலே 2500 மீ வரை ஒரு 1டி மாடல் (செங்குத்துத் திசையில் மட்டும் கணக்கிடுவது) ஓடுகிறது. 3டி-யின் உச்சியில் காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அதிலிருந்துதான் இறங்குகின்றன. அதனால் குறைந்தது கட்டிட உயரத்தின் இருமடங்கு, கூரைக்கு மேல் 30 மீ-க்குக் குறையாமல் என்ற விதி நடைமுறையில் நிற்கிறது. இரண்டில் எது பெரியதோ அது. 12 மீ கட்டிடங்களுக்கு 24 மீ உச்சி போதாது, 42 வேண்டும். 54 மீ-க்கு 84 போதாது, 108 வேண்டும்.

நீங்கள் சொல்லும் அடைப்பு விகிதம் நியாயம்தான். உச்சியை 162 ஆக்கினால் 3.5%. ஓரங்களில் பக்கத்துக்கு 30 மீ வெற்றிடம் விட்டால் 300 × 112.6, 4%. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 3%-க்குள் வந்துவிடும். 10% டெலஸ்கோப்பிங்கில் 112-லிருந்து 162 போக ஐந்து செல்தான் கூடுதல். மேலே செல்கள் தடித்துக்கொண்டே போவதால் மலிவு.

நிழலைப் பற்றிக் கேட்டவருக்கு இந்த வேலையெல்லாம் தேவையா என்றால், தேவைதான். தாழ்ந்த கட்டிடங்களுக்கு நடுவே ஒற்றை உயரம் நின்றால் மேல்காற்றைப் பிடித்துக் கீழே தெருவுக்குத் தள்ளும். நடைபாதைக் காற்றுவேகம் பிஇடி-க்குள் போகிறது. உச்சி நெருங்கினால் அந்தத் தள்ளல் மிகையாகிவிடும், கட்டிட அடிவாரத்தில் பொய்யாகக் குளிரும்.

1டி மாடலைப் பற்றி ஒன்று. ஆரம்ப உள்ளீட்டில் 2500 மீ உயரத்துக்கான ஈரப்பத மதிப்பு ஒன்று கேட்கும். இயல்பாக 7 கிராம்/கிலோ என்று இருக்கும், எல்லாரும் அப்படியே விட்டுவிடுவார்கள். மீனம்பாக்கத்தில் வானிலைப் பலூன் விடுகிறார்கள், நிலைய எண் 43279. காலை 5.30 மணித் தரவில் 2500 மீ-க்கான மதிப்பை எடுத்துப் போடுங்கள். உங்கள் ஓட்டம் 6 மணிக்குத் தொடங்குவதால் நேரமும் பொருந்தும்.

#8 வேப்பங்காற்று

மரம்தான் கேள்வி என்றால் மரத்தையும் கட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். எல்லாரும் கட்டிடத்தைப் பொருத்திவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

எளிய செடி வகையில் இலைப்பரப்பு அடர்த்தி பத்து அடுக்காகக் கொடுக்கப்படும். ஆனால் 6 மீ மரம் 3 மீ கட்டத்தில் விழும்போது பத்து அடுக்கும் இரண்டு செல்லுக்குள் அமுங்கும், பிரித்திருந்தால் கீழ்ப் பாதி ஐந்து சிறு செல். அடிமரம் 3 மீ வரை வெறுமையாக இருக்கும் மரம் என்றால் 3 மீ கட்டம் நன்றாகப் பொருந்தும். நடப்பவர் தலைக்கு மேல் இலை, கீழே காற்றோட்டம். பிரிக்காத 4 மீ கட்டம் வைத்தால் 3 மீ-ல் தொடங்கும் இலை கீழ்ச் செல்லுக்குள்ளும் பரவி, நடைபாதையில் ஒரு வேலி நட்டதுபோல் காற்றை மறிக்கும். மரம் வைத்தால் காற்று செத்துவிடுகிறது என்று சில முடிவுகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல்லும் அப்படித்தான். அரை மீட்டர் புல், பிரித்த 3 மீ கட்டத்தில் 0.6 மீ சிறு செல்லுக்குள் அடங்கும். பிரிக்காவிட்டால் 3 மீ காற்று முழுக்கப் புல்லின் ஈரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், பலன் நீர்த்துப்போகும்.

மரம் உள்ள ஓட்டம், இல்லாத ஓட்டம் இரண்டுக்கும் ஒரே கட்டம் வையுங்கள்.

#9 அண்ணாசாலை_நிழல்

நன்றி எல்லாருக்கும். 3 மீ பிரிச்ச கட்டம், 2 மீ பிரிச்ச கட்டம் ரெண்டையும் மரமில்லாம ஓட்டிப் பார்த்தேன். லியோனார்டோல ரெண்டுலயும் கே=3 எடுத்து ஒப்பிட்டேன். மதியம் 1 மணிக்கு 2 மீ கட்டம் எல்லா இடத்துலயும் சூடா காட்டுது, காற்றும் குறைவு. கட்டம் மெல்லிசானா சூடு கூடுமா?

#10 செல்முனை

இல்லை. நீங்கள் இரண்டு வெவ்வேறு உயரங்களை ஒப்பிட்டிருக்கிறீர்கள். 2 மீ கட்டத்தில் கே=3 என்பது 1.4 மீ. 3 மீ கட்டத்தில் கே=3 என்பது 2.1 மீ. வெயில் நேரத்தில் தரைக்கு 70 செ.மீ. அருகே போனால் சூடு கூடத்தான் செய்யும், காற்றும் குறையும். நீங்கள் கண்டது இயற்பியல், கட்டத்தின் பிழை இல்லை.

கே எண்ணை நம்பாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். 3 மீ கட்டத்தில் கே=2 (1.5 மீ) எடுங்கள். 2 மீ கட்டத்தில் கே=3 (1.4), கே=4 (1.8) இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டு இடைக்கணிப்பில் 1.5-ஐ எடுங்கள்: முதலாவதில் முக்கால் பங்கு, இரண்டாவதில் கால் பங்கு. அதற்குப் பிறகும் வேறுபாடு இருந்தால்தான் அது கட்டத்தின் வேலை.

களத்தில் அளந்து சரிபார்ப்பதாக இருந்தாலும் இதே கவனம் வேண்டும். சென்சாரை 2.5 மீ கம்பத்தில் கட்டிவிட்டு 1.5 மீ மாடல் மதிப்போடு ஒப்பிட்டால், மதியம் மாடல் மிகையாகச் சுடுகிறது என்று தோன்றும்.

#11 மொட்டைமாடி

கட்டத்தை மெல்லியதாக்குவதன் விலையும் தெரிந்திருக்கட்டும். 30 செல் பிரித்தால் 34 அடுக்கு, 100 × 80 × 34 = 2,72,000 செல். செல் உயரம் 2 மீ, 60 மீ வரை சீர், மேலே 12% என்றால் 42 செல்லில் 114 மீ; பிரித்தால் 46 அடுக்கு, 3,68,000. கிடைமட்டத்தையும் 2 மீ ஆக்கினால் 150 × 120 × 46 = 8,28,000. முதலாவதைப்போல் மூன்று மடங்கு. கதிர்வீச்சுக்கு ஐவிஎஸ் (ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றித் தெரிவதைத் தனித்தனியே கணக்கிடும் முறை) போட்டிருந்தால் நினைவகமும் சேர்ந்து ஏறும். ஓட்டத்தின் நேரத்தை நீட்டுவது இன்னொன்றும் உண்டு: சூரிய உயரம் 40, 50 பாகை தாண்டும்போது நேரப்படி (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம்) குறையும்படி வைத்திருப்பீர்கள். ஏப்ரல் கடைசியில் சென்னையில் பகலில் பாதிக்கு மேல் சூரியன் 40 பாகையைத் தாண்டித்தான் இருக்கும்.

#12 தெருக்காற்று

குறுக்கிடுகிறேன். ஓப்பன்ஃபோமில் (ஒரு சிஎஃப்டி மென்பொருள்) இதே மாதிரி செங்குத்துப் பகிர்வு செய்ய பிளாக்மெஷில் (அதன் கட்டம் போடும் கருவி) கிரேடிங் 1.1 கொடுத்தேன். தரைச் செல்லே 7 மீ-க்கு மேல் வருகிறது. உச்சி 324 மீ, 42 செல்.

#13 காற்றுவாக்கில்

அந்த எண், அடுத்தடுத்த செல்களின் விகிதம் இல்லை. கடைசிச் செல்லுக்கும் முதல் செல்லுக்கும் உள்ள விகிதம். 1.1 கொடுத்தால் 42 செல்லும் ஏறத்தாழ ஒரே தடிப்பு, 324 ÷ 42 = 7.7 மீ சராசரி.

செல்லுக்குச் செல் 1.1 வேண்டுமென்றால் 1.1-ஐ 41 முறை பெருக்க வேண்டும்: 49.8. அதைக் கொடுங்கள். முதல் செல் 0.6 மீ, கடைசி 30 மீ, கூட்டினால் 324. மூன்றாவது செல் 1.26-லிருந்து 1.99 மீ வரை. மதிப்பிடும் உயரம் தரையிலிருந்து மூன்றாவது செல்லிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்ற ஜப்பானிய விதிக்கு 1.5 மீ பொருந்திவிட்டது.

ஆனால் பக்கத்திலேயே பள்ளம் இருக்கிறது. ஃப்ளூயன்ட் (இன்னொரு சிஎஃப்டி மென்பொருள்) வகைச் சுவர்ச் சார்பில் (தரையை ஒட்டிய காற்றுக்கான சூத்திரம்) கரடுமுரடு நீளத்தை (தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) மணல் கரடுமுரடாக மாற்ற வேண்டும்: 9.793-ஆல் பெருக்கி, 0.5 என்ற மாறிலியால் வகுக்க வேண்டும். 0.03 மீ நீளத்துக்கு 0.59 மீ வரும். முதல் செல்லின் நடு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், நமக்கோ 0.3-ல் இருக்கிறது. மீறினால், களத்தின் வாயிலில் நீங்கள் கொடுத்த காற்றுச் சுயவிவரம் கட்டிடத்தைத் தொடுமுன்பே உருமாறிவிடும். 2007-ல் ப்ளாக்கன், ஸ்டாதோபூலஸ், கார்மெலியட் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். காற்று வரும் பக்கத்தை நகரமாக நினைத்து 0.5 மீ கொடுத்தால் 9.8 மீ வரும், அது எந்தக் கட்டத்திலும் நடக்காது.

ஓப்பன்ஃபோமில் கரடுமுரடு நீளத்தை நேரடியாக வாங்கும் வளிமண்டலச் சுவர்ச் சார்பு இருக்கிறது, அதைப் போடுங்கள். கட்டிடங்களை நேராக வரைந்திருக்கும் நடுப்பகுதியில் தரைக்கு 0.003 போன்ற சிறிய மதிப்பு போதும். முதலில் கட்டிடமே இல்லாமல் களத்தைக் காலியாக ஓடவிட்டு, சுயவிவரம் மாறாமல் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு கட்டிடத்தை வையுங்கள்.

ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் (கட்டிட வடிவுக்குக் கட்டத்தைப் பொருத்தும் கருவி) போட்டால் இன்னொன்று. அது செல்லைப் பாதியாக உடைக்கும், எல்லையில் 2-க்கு 1 தாவல். நீங்கள் பாடுபட்டு வைத்த 1.1 அங்கே போய்விடும். அந்த எல்லை 1.5 மீ-க்குப் பக்கத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டங்களுக்கு இடையேயான செல் எண்ணிக்கையைக் கூட்டினால் அது தள்ளிப்போகும்.

#14 பனைமரம்_தான்

பாம் மாடலையும் சேர்த்துக்கொள்வோம் (ஹனோவர் பல்கலைக்கழகத்தின் பனை, வெடிகுண்டு இல்லை). இது பெருஞ்சுழல் உருவகம் (பெரிய காற்றுச் சுழல்களை நேரடியாகக் கணக்கிடுவது) என்பதால் கணக்கே வேறு. சுழல்கள் கலக்கும் அடுக்கு முழுவதும் களத்துக்குள் இருக்க வேண்டும், வெயில் பகலில் உச்சியை 2 கி.மீ.-க்குக் கீழே குறைக்க முடியாது.

120 மீ வரை சீராக 2 மீ, 60 செல். அதற்கு மேல் 1.08 நீட்சி, அதிகபட்சம் 20 மீ என்று கட்டுங்கள். 2-லிருந்து 20 தொட 30 செல் ஆகும், உயரம் சுமார் 365 மீ. அங்கிருந்து 2000 வரை 20 மீ வீதம் 82 செல். மொத்தம் 172. சீராக 2 மீ என்றால் 1000 ஆகியிருக்கும். நீட்சி விகிதம் 1.10, 1.12-க்கு மேல் போகக் கூடாது. என்வி-மெட்டின் 20% இங்கே செல்லாது.

மல்டிகிரிட் தீர்வி (கட்டத்தைப் பாதி பாதியாகக் குறைத்துத் தீர்ப்பது) பயன்படுத்தினால் 172-ஐ விடுங்கள். இருமுறை பாதியாக்கினால் 43, ஒற்றைப்படை, அதோடு நின்றுவிடும். 192 ஆக்குங்கள், ஆறு முறை பாதியாகும். உச்சி 2400 மீ பக்கம் போகும், நஷ்டமில்லை. மேல் அடுக்கில் ராலே தணிப்பு வையுங்கள், இல்லாவிட்டால் அலைகள் மூடியில் மோதித் திரும்பி வரும்.

என்வி-மெட் போலத் தரைச் செல்லை மட்டும் ஐந்தாக உடைக்கும் வசதி இங்கே இல்லை. செல் உயரத்தைக் குறைத்தால் நேரப்படியும் சேர்ந்து குறையும். 1 மீ ஆக்குமுன் இருமுறை யோசியுங்கள்.

#15 அண்ணாசாலை_நிழல்

கடைசியா இப்படி வச்சிருக்கேன். கிடைமட்டம் 3 மீ, பக்கத்துக்கு 10 செல் வெற்றிடம், ஆக 120 × 100. செல் உயரம் 3 மீ, கீழ்ச் செல் பிரிச்சாச்சு, டெலஸ்கோப்பிங் 60 மீ-ல தொடங்கி 10%, 35 செல். 1.5 மீ-க்கு கே=2. கட்டிட உயரம் எல்லாம் எக்செல்ல 3-ன் மடங்கா திருத்தி, ஸ்டில்ட் உள்ளதுக்குக் கீழ் உயரம் 3. சரியா?

#16 செல்முனை

சரி. 35 செல்லில் உச்சி 165 மீ பக்கம் வரும், கடைசிச் செல் 12.5 மீ. முழு நாள் ஓட்டுமுன் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டி, எல்ஐசி வழியாக ஒரு செங்குத்து வெட்டு எடுத்துக் காற்றுவேகத்தைப் பாருங்கள். கூரைக்கு மேல் எழும் வேகம் உச்சிக்கு முன்பே அடங்கியிருக்க வேண்டும். மூடி வரை பட்டையாக நீண்டிருந்தால் இன்னும் நாலு செல் சேர்க்கவும்.

#17 சரிவுவீடு

இதே அமைப்பைக் கோத்தகிரியில் ஒரு சரிவுக்குப் போடலாமா? களத்துக்குள் 40 மீ ஏற்றம், கட்டிடங்கள் அதிகபட்சம் 12 மீ.

#18 செல்முனை

அப்படியே போடாதீர்கள். பிரித்த சிறு செல்கள் மாடலின் அடித்தளத்தில் மட்டுமே இருக்கும். தரை உயர உயர அவை மண்ணுக்குள் புதைந்துவிடும். பள்ளத்தில் நிற்பவருக்கு 0.6 மீ செல், மேட்டில் நிற்பவருக்கு 3 மீ செல். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வண்ணம் தீட்டினால் கட்டத்தைத்தான் படம் பிடித்திருப்பீர்கள்.

முதலில் கடல்மட்ட உயரத்தைக் கழித்து, களத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைச் சுழியமாக்குங்கள். இல்லாவிட்டால் ஆயிரம் மீட்டருக்கும் மேலான மண்ணுக்குச் செல் அடுக்க வேண்டிவரும். பிரிக்கும் ஆப்ஷனை எடுத்துவிட்டுச் செல் உயரத்தை 1 மீ ஆக்குங்கள். மேட்டுக் கட்டிடத்தின் கூரை 40 + 12 = 52. அதனால் 55 மீ வரை சீராக, மேலே 10%. 73 செல்லில் 105 மீ வரும்.

1 மீ வைப்பதற்கு இன்னொரு காரணம், சரிவு படிக்கட்டாக மாறுவது. 10% சரிவில் 2 மீ கட்டம் என்றால் 20 மீ-க்கு ஒருமுறை 2 மீ சுவர் எழும்பும். ஆள் உயரத்தைத் தாண்டிய அந்தச் சுவர் நிழல் போடும், காற்றைத் தடுக்கும். 1 மீ கட்டத்தில் 10 மீ-க்கு ஒரு மீட்டர் படி, இடுப்பளவு.

லியோனார்டோவில் தரையைப் பின்தொடரும் வெட்டைத் தேர்ந்தெடுங்கள். தரைக்கு மேல் இரண்டாவது செல்லின் நடு 1.5 மீ. அதை விட்டுவிட்டு வெறும் கே=1 போட்டால் பள்ளத்தில் நாலு செல் தெரியும், மேடு முழுக்க வெற்றிடமாக வரும்.